ரெண்டு டீ நேரம்

தமிழில் வரி என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுவது. மலையாளத்தில் வரி என்றால் வரிசை. எங்கள் ஊர் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற நிற்பைப் பார்த்தால், ரெண்டும் ஒரே சொல்தானோ என்று சந்தேகம் வரும்.

வாளையாரில் தொடங்கி வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டு எல்லை நெடுகச் செக்போஸ்ட்டுகள் இருந்தன. எங்களுடையது அவற்றில் ஒன்று. எது என்பது இங்கே வேண்டாம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் அப்பாவின் டீக்கடை. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், பள்ளியில் தமிழ் மீடியம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள்தான் அதிகம். டிரைவர் கீழே குதித்து, பில்லும் பர்மிட்டும் அடங்கிய ரெக்சின் பையைக் கிளீனர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் ஆகுங்ணா?"

அப்பா உடனே பதில் சொல்லமாட்டார். ரோட்டுக்கு வந்து, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வரிசையைப் பார்ப்பார். வாய்க்குள்ளேயே எண்ணுவார். பாய்லரில் ஒரு தடவை பால் பொங்கி அடங்குவதற்குள் கேட்டைத் தாண்டிய வண்டி எத்தனை என்று ஏற்கெனவே அவருக்குக் கணக்கு இருக்கும். அப்புறம் சொல்வார்: "ரெண்டு டீ நேரம்." கூட்டம் அதிகமென்றால், "மூணு டீ, ஒரு தூக்கம்." அவர் கணக்கில் ஒரு டீ என்பது ஏறக்குறைய அரை மணி. தூக்கம் என்பது மூன்று மணி. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறினால் அடுத்த டீக்குக் காசு வாங்கமாட்டார்.

சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) கல்லூரி முடித்து, எம்.எஸ்ஸி. படிக்கும்போது வரிசைக் கோட்பாட்டுப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். லிட்டில் விதி கண்ணில் பட்டது. அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, மணிக்குச் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்கினால் கிடைக்கும். அவ்வளவுதான். மணிக்கு 40 வண்டி வீதம் ஓடுகிற இடத்தில் எப்போதும் 120 வண்டி நின்றால், ஒரு வண்டிக்கு மூன்று மணி நேரம். வருகை எந்த மாதிரிப் பரவலில் இருந்தாலும், யாரை முதலில் விட்டாலும், நீண்ட காலச் சராசரிகள் நிலைத்திருந்தால் போதும், இது பொருந்தும். ஜான் லிட்டில் இதற்கு நிறுவல் எழுதி வெளியிட்டது 1961ல், நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. கறாராகப் பார்த்தால் அப்பா செய்தது லிட்டில் விதி அல்ல, அதன் பங்காளி. முன்னால் நிற்பவர்களை வெளியேறும் வேகத்தால் வகுத்தார். ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, அப்பாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

அந்த வயதில் எனக்குப் புரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. லாரிகள் நிற்பதால்தான் எங்களுக்குச் சோறு. வரிசை நீண்டால் அப்பா முகம் தெளியும். நானோ அதை எப்படிக் குறைப்பது என்பதையே பிழைப்பாக எடுத்துக்கொண்டேன். ஊரில் கேலி வேறு மாதிரி இருந்தது. "கியூவுல நிக்கறதுக்கா பி.எச்.டி.? நாங்க பொறந்ததுல இருந்து நிக்கறோம், எங்களுக்கு எவன் பட்டம் குடுத்தான்?"

இந்தத் துறை பிறந்தது டெலிபோனில். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் 1908ல் வேலைக்குச் சேர்ந்த எர்லாங், அடுத்த வருடமே அழைப்புகளின் வருகை பாய்சான் பரவலை, அதாவது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எதேச்சையாகத் தனித்தனியே வருவதன் கணக்கை, பின்பற்றுகிறது என்று எழுதினார். 1917ல் அவருடைய பெயர்பெற்ற சூத்திரங்கள் வந்தன. லைன் எல்லாம் பிசியாக இருந்தால் அழைப்பு அறுந்துபோகிற கணக்கு ஒன்று, காத்திருக்கிற கணக்கு ஒன்று. எஸ்.டி.டி. பூத் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலாவதை விளக்கவே வேண்டாம். இந்தத் தடத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் உபயோகத்தில் இருப்பதாக ஒரு அம்மா சொல்வாரே, அதுதான். எர்லாங்கைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி, அவர் கோபன்ஹேகன் தெருக்களில் ஏணி தூக்கிய ஒரு ஆளோடு நடந்து, மேன்ஹோல்களுக்குள் இறங்கிக் கேபிளில் மின் கசிவை அளந்தார் என்பது. கணிதக்காரன் ஏணியோடு நடப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் துறையில் சுத்தக் கணிதக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை அப்படி. எண் கோட்பாட்டுக்காரர் ஒருவர் என் செமினாரிலிருந்து வெளியே போகும்போது, "லாரி கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடியவில்லை என்றேன்.

லாரி கணக்கிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் 30 வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவியின் முகம் மாறும்.

ஒரு கவுண்டர் மணிக்குச் சராசரியாக 40 வண்டியை அனுப்பக்கூடியது. மணிக்கு 36 வண்டி வருகிறது. வருகையும் சோதனை நேரமும் எதேச்சையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 9 வண்டி இருக்கும், ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். சரி, இப்போது மணிக்கு 38 வருகிறது. இரண்டே இரண்டு வண்டிதான் கூடுதல். நிற்பது 19 ஆகிவிடும், நேரம் அரை மணி. 39 வந்தால்? 39 வண்டி நிற்கும், நேரம் ஒரு மணி. கடைசியாகச் சேர்ந்த ஒரே ஒரு வண்டி எல்லாருடைய காத்திருப்பையும் இரட்டிப்பாக்கிவிட்டது. இத்தனைக்கும் கவுண்டரில் இருப்பவர் அதே ஆள், அதே வேகம். 40 வந்தால் சூத்திரத்தில் கீழே பூஜ்யம். ஓணத்துக்கு முந்தின வாரம் காய்கறியும் பூவும் பாலும் ஒன்றாக வந்து இறங்கும்போது அதுதான் நடக்கும். அந்த வாரம் அப்பா கணக்குச் சொல்லமாட்டார். "படுத்துக்கங்க, எழுப்பறேன்" என்பார்.

சோதனை நேரம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே அளவாக இருந்தால், காத்திருக்கும் நேரம் பாதியாகிவிடும். வேகம் கூட வேண்டியதில்லை. ஒருவருக்கு அரை நிமிடம், அடுத்தவருக்குப் பத்து நிமிடம் என்ற ஏற்ற இறக்கம்தான் வரிசையை வளர்க்கிறது. போலாச்செக் 1930லும் கின்சின் 1932லும் எழுதிய சூத்திரத்தில் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, பரவற்படி என்ற பெயரில், தனி உறுப்பாக உட்கார்ந்திருக்கும். பஸ்ஸிலும் இதே கதைதான். சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஆனால் இடைவெளி 10, 30, 10, 30 என்று மாறி மாறி வருகிறது. நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்குப் போகிறவர் 10 நிமிடம் நிற்பார் என்றுதான் நினைப்போம். பன்னிரண்டரை நிமிடம் நிற்பார். காரணம், அவர் போய் நிற்பது பெரும்பாலும் நீண்ட இடைவெளிக்குள்தான். 'நான் போனா மட்டும் பஸ் வராது' என்று அம்மா சொன்னது விதியைப் பற்றிய புலம்பல் இல்லை, அது கணக்கு.

1986ல் லெக்சரர் வேலை கிடைத்தது. ஆய்வுக்குப் பதிந்தது 1990ல், பார்ட் டைம். கேரளத்தில் இந்தத் துறைக்கு நல்ல வேர் உண்டு. கோழிக்கோட்டில் பிறந்த என்.யு. பிரபு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் போய்ப் பெரிய பெயர் எடுத்தவர். 1986ல் வரிசைக் கோட்பாட்டுக்கென்றே தொடங்கிய பன்னாட்டு ஆய்விதழுக்கு அவர்தான் முதல் ஆசிரியர். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான குசாட்டில் அ. கிருஷ்ணமூர்த்தி வளர்த்த ஆய்வுக் கூட்டம் தனி. அங்கே நடந்த கருத்தரங்குகளுக்குப் பாலக்காட்டிலிருந்து பாசஞ்சர் பிடித்துப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மலையாளமும் ஆங்கிலமும் கலந்து கேட்டு, தமிழில் குறிப்பெடுத்திருக்கிறேன். என் கைடு அந்த நோட்டைப் பார்த்து, "இதென்ன, ஜாதகமா?" என்றார்.

அப்போது சர்வர் விடுப்பு மாடல்கள் சூடாக இருந்தன. சேவை செய்கிறவர் நடுவில் எழுந்து போய்விட்டுத் திரும்புவதுதான் விடுப்பு. லெவியும் யெச்சியாலியும் 1975ல் இதை முறைப்படுத்தினார்கள். 1985ல் ஃபுர்மன், கூப்பர் இருவரும் காட்டிய அழகான முடிவு ஒன்று உண்டு. விடுப்புள்ள வரிசையின் நீளம், சாதாரண வரிசையின் நீளத்தோடு அதைச் சாராத இன்னொரு தனிப் பகுதியைக் கூட்டினால் கிடைத்துவிடும். பல பாடங்களில் நடைமுறை அனுமானம் ஒன்று வரும். சர்வர் வரிசை காலியானதும்தான் விடுப்பில் போவார் என்று. எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வரியில் மட்டும் பேனா நின்றுவிடும். "சார் டீ குடிக்கப் போயிருக்கார், இப்ப வரும்" என்ற பதில் வந்தபோதெல்லாம் வரிசை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த சார் குடித்ததும் எங்கள் கடை டீதான்.

எனக்குச் சிக்கிய பிரச்சினை வேறு. மாஸ்டர் தயார், ஆள் தயார், பால் இல்லை. இதுதான் என் ஆய்வேடு, சுருக்கமாக. வரிசையும் சரக்கிருப்பும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கிற மாடல். 1992ல் சிக்மன், சிம்சி-லெவி ஒரு பக்கம், மெலிகோவ், மோல்சனோவ் இன்னொரு பக்கம் இதைத் தொட்டார்கள். இருப்பு ஒரு சின்ன அளவுக்கு இறங்கியதும் ஆர்டர், ஒரு பெரிய அளவு வரை நிரப்புவது. சின்ன எஸ், பெரிய எஸ் என்று சொல்லுவோம். அந்த இரண்டு எண்ணையும் எப்படித் தேர்ந்தால் செலவு குறையும் என்பது கேள்வி. அப்பாவுக்கு சின்ன எஸ் ஒரு தூக்குப்போசி. அதற்குக் கீழே இறங்கினால் தம்பியை சைக்கிளில் அனுப்புவார்.

பழைய வழியில் போனால் விடை லாப்லாஸ் உருமாற்றமாக வந்து நிற்கும். அதைத் திருப்பி எண்ணாக்குவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். கெண்டால் அதை லாப்லாஸ் திரை என்று கிண்டலாகச் சொன்னார். மார்செல் நியூட்ஸ் 1970களில் தொடங்கி அந்தத் திரையை விலக்கி, அணிகளால் (மேட்ரிக்ஸ்) கணக்குப் போடும் முறையைக் கட்டியெழுப்பினார். வரிசையில் ஒரு ஆள் கூடும்போதெல்லாம் நிகழ்தகவு வெக்டர் ஒரே அணியால் பெருக்கப்படுகிறது. அந்த ஒரு அணியைக் கண்டுபிடித்துவிட்டால், முடிவில்லாமல் நீள்கிற வரிசை முழுவதும் கைக்குள் வந்துவிடும். அதைத் திரும்பத் திரும்ப இட்டுச் சரிசெய்துகொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். டிபார்ட்மெண்டில் ஒரே பி.சி. மாலையில் ஃபோர்ட்ரான் புரோகிராமை ஓடவிட்டுக் காத்திருப்பேன். எட்டாவது தசம இடம் அசையாமல் நிற்கப்போகிற சமயத்தில் அரை மணி நேர லோட் ஷெட்டிங் வரும். மறுபடி முதலிலிருந்து. வாட்ச்மேன் மெழுகுவர்த்தி கொண்டுவந்து, "சாரே, இந்நும் ஆயில்லே?" என்பார்.

முதல் கட்டுரையில் ஒரு பிழை விட்டேன், அதையும் சொல்லவேண்டும். வரிசை முடிவில்லாமல் வளராமல் இருக்க, வருகை வேகம் சேவை வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அச்சிலும் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஆய்வாளர் மரியாதையான கடிதம் போட்டார்: உங்கள் மாடலில் சரக்கு இல்லாத நேரத்திலும் ஆட்கள் வந்து சேர்கிறார்களே, அப்போது சேவையே நடக்காதே? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வார இறுதியில் கடைக்குப் போய், அப்பாவிடம் எதற்கோ இதைச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பாலே இல்லாதப்ப மாஸ்டர் எவ்வளவு வேகமா ஆத்தினா என்ன?"

திருத்தம் அடுத்த இதழில் வந்தது. அதில் நன்றி சொல்லும் இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கலாம், போடவில்லை. கூச்சம்தான். பால் இல்லாதபோது வந்தவர் காத்திருக்காமல் திரும்பிப் போய்விடுகிறார் என்று வைத்தால் கதையே வேறு என்பது பிற்பாடு தெரிந்தது. 2006ல் ஷ்வார்ஸ் முதலானவர்கள் எழுதியது. அந்த நிலையில் நான் முதலில் எழுதிய நிபந்தனையே போதும், வரிசை நீளமும் இருப்பும் நீண்ட காலத்தில் ஒன்றையொன்று சாராமல் பிரிந்து நிற்கும். இழப்பு கணக்கை எளிதாக்கிவிடுகிறது. கடைக்காரருக்கு அப்படி இல்லை.

வெளியுலகத்துக்கு உருப்படியாக ஏதாவது செய்தேனா என்று கேட்டால், ஒரு முறை முயன்றேன். எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ஓ.பி.யில் மாணவர்களை ஸ்டாப் வாட்சோடு உட்கார வைத்து மூன்று வாரம் நேரம் குறித்தோம். நார்மன் பெய்லி 1952லேயே இதற்கு வழி சொல்லியிருந்தார்: ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச்சொல், அப்புறம் சராசரி நேரத்துக்கு ஒருவராக அப்பாயின்ட்மெண்ட் கொடு. டாக்டரும் சும்மா இருக்கமாட்டார், நோயாளியும் அரை நாள் நிற்கமாட்டார். அருமையான அறிக்கை எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். அப்போதுதான் ஒரு பஸ் வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். "சார், இவங்களுக்கு ஊர்ல இருந்து காலைல இந்த ஒரு பஸ்தான். பதினொன்றே காலுக்கு வான்னு சொன்னா எதுல வருவாங்க?" பாய்சான் வருகை என்று எழுதியிருந்தேன். வருகை பஸ்ஸில் இருந்தது. கொத்து வருகை மாடல் என்று தனியே ஒரு அத்தியாயமே எனக்குப் பாடம், வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். அதைக் கண்ணெதிரே பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. அறிக்கை ஃபைலுக்குள் போனது. அதில் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்பா 2009ல் போனார். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த நாள். வணிகவரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, ஒரு லாரியும் நிக்கலை. எல்லாம் சல்லுனு போகுது."

மறுநாள் ஞாயிறு, நானே போனேன். புளியமரத்தடியில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. வரிசை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கறுப்பாக நீளமாக ஓடியது. நாமக்கல் வண்டி ஒன்று ஹாரன் அடித்து, கையை ஆட்டிவிட்டு நிற்காமலே போனது. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு டீயைப் பகிர்ந்துகொண்டோம். தம்பி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "இதுக்குத்தானே நீ முப்பது வருசம் கணக்குப் போட்ட?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்குப் பதிலும் வரவில்லை.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். அவன் கடையை ஒரு டோல்கேட் பக்கம் மாற்றினான். 2020 மே மாதம் பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்று ஆனபோது, பழைய இடத்தில் கார்களும் ஆட்களும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அப்பா காலத்து வரிசை. ஆனால் கடை திறக்க அனுமதி இல்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, டோல்கேட்டிலும் நிற்பது குறைந்தது. தம்பி வீட்டுக்கு வந்தான். நேரடியாகவே கேட்டான்: "நீ புரொபசர்தானே. இனிமே எங்க கியூ இருக்கும்? சொல்லு, அங்க கடை போடறேன்."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் ஆலோசனைக் கட்டணம் தருகிற அளவுக்கு ஒரு கேள்வி கேட்டதில்லை. இது கிட்டத்தட்ட அப்படி. ஒரு ராத்திரி யோசித்தேன். பழைய ஸ்பைரல் பைண்டிங் அறிக்கையின் ஜெராக்ஸை எடுத்துப் புரட்டினேன். வருகை மொத்தமாக, சேவை நேரம் ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் நடுவில் வார்டுக்குப் போவார், பஸ்ஸை மாற்ற யாராலும் முடியாது. விடியற்காலை அவனுக்குப் போன் செய்தேன்.

இப்போது அந்த மருத்துவமனைக்கு எதிரே, காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை கடை. நானும் வாரத்தில் ரெண்டு நாள் போய் உட்காருகிறேன். போன செவ்வாய்க்கிழமை வயதான ஒரு அம்மா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டார், 64ம் நம்பர் எப்பக் கூப்பிடுவாங்க என்று. தம்பி எட்டி எதிர்ப் பக்கம் பார்த்தான். உதடு அசைந்தது.

"உக்காருங்க அம்மா, ரெண்டு டீ நேரம் இருக்கு."

அப்புறம் பால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் காசை நீட்டினான். "பால் தீரப்போகுது, வாங்கிட்டு வந்துரு."

"எத்தனை பாக்கெட்?" என்றேன்.

"அதையும் நானே சொல்லணுமா?"